பெங்குவினுக்காகக் காலியான ஊர்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது பிலிப் தீவு. பொழுது சாய்ந்ததும் அங்கே சம்மர்லேண்ட் கடற்கரையில், அலை நுரைக்குள்ளிருந்து சின்னச் சின்ன உருவங்கள் எழுந்து நிற்கும். உயரம் ஓரடி, எடை ஒரு கிலோ. பெங்குவின்களிலேயே மிகச் சிறிய இனம். முன்னால் வந்த நாலைந்து மணலைப் பார்க்கும், தயங்கும், சட்டென்று திரும்பிக் கடலுக்குள் ஓடிவிடும். இன்னும் சில வந்து சேர்ந்தபின் எல்லாமாகக் கரையைக் கடக்கும். வெட்டவெளி மணலில் கழுகுக்கு இரையாகாமல் வளைக்குப் போய்ச்சேர இருட்டும் கூட்டமும்தான் துணை.

1920-களிலேயே உள்ளூர்க்காரர்கள் டார்ச் அடித்து வெளியூராரை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள். இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். இத்தனை கூட்டம் பறவைக்கு ஆகுமா?

ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. வளைகளின் நடுவிலேயே ஒரு குடியிருப்பு. வீடு, சாலை, கார், நாய். போதாததற்கு நரிகள். ஆண்டுக்கொருமுறை இறகு முழுவதையும் உதிர்த்துப் புது இறகு முளைக்கும்வரை இரண்டு மூன்று வாரம் பெங்குவினால் கடலில் இறங்க முடியாது. பட்டினியோடு கரையிலேயே கிடக்கும். அப்போது நாய் வந்தால் தப்ப வழியில்லை. தீவின் மற்றப் பெங்குவின் கூட்டங்கள் அழிந்து, மிஞ்சியது இது ஒன்றுதான்.

1985-இல் மாநில அரசு ஒரு முடிவெடுத்தது: அங்குள்ள வீடு, மனை அத்தனையையும் விலைக்கு வாங்குவது. வாங்கி முடிக்க 2010 ஆயிற்று. வீடுகளை அகற்றிவிட்டு, பறவைகள் வளை தோண்டத் தோதாகச் செடிகளை வளர்த்தார்கள். ஊர்க்காரர்கள் போனார்கள், வேடிக்கை பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள். விசித்திரம்தான், ஆனாலும் கணக்குச் சரி. கடற்கரையில் பார்வையாளர் படிக்கட்டில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்துபோகிறவரால் வரும் கெடுதல் குறைவு. அவர் தரும் காசு நரி ஒழிப்புக்கும், பெங்குவின்கள் தங்க வைக்கும் மரப்பெட்டிகளுக்கும், ஆராய்ச்சிக்கும் போகிறது. தீவில் நரியே இல்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். இதில் ஒரு பலவீனமும் உண்டு: 2020-இல் கொரோனாவால் வாசலை அடைத்தபோது டிக்கெட் பணமும் நின்றது.

செல்போனில்கூடப் படம் எடுக்கக் கூடாது என்பதில் பலருக்கு மனத்தாங்கல். இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் பறவை மிரண்டு வழி தவறும். யார் ஃபிளாஷை அணைத்தார், யார் மறந்தார் என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சோதிப்பது? எல்லாருக்கும் தடை என்பதே சரி. கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு வேலையும் பாக்கி: வண்டியைக் கிளப்புமுன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். சில பெங்குவின்கள் அங்கேயும் வந்து ஒண்டிக்கொள்ளும்.