பேரிலே பனை, ஏரியிலே முள்!

பனமரத்துப்பட்டிக்கு எந்த மரம் வேண்டும்?

சேலம்,

"மரம்னா நல்லதுதானே சார்? அதைப் போய் ஏன் வெட்டணும்?"

பனமரத்துப்பட்டி ஏரியில் மண்டிய சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலை அந்த ஏரியே சொல்லும்.

சேலத்தின் தாகம் தீர்த்த ஏரி

வெள்ளைக்காரர் காலத்தில், 1911-ல் கட்டிய ஏரி இது. அடேயப்பா, 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு! ஜருகுமலை, போதமலையில் பெய்த மழை ஓடைகளாக இறங்கி இங்கே தங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் சேலம் நகரம் குடித்தது.

பிறகு மேட்டூரில் இருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. ஏரியை நகரம் மறந்தது. வரத்துக் குறைந்து தரை காய்ந்தது. காலி இடம் கிடைத்தால் சீமைக்கருவேலம் சும்மா இருக்குமா?

ஆடு, மாடு காயைத் தின்னும். சாணத்தோடு விதை விழும். விழுந்த இடமெல்லாம் முளைக்கும். இப்படியே ஏரி முள்காடானது.

அடுப்பு எரித்த மரம்

இதுவும் ஏழை வீட்டு அடுப்பை எரித்த மரம்தான். விறகு, கரி என்று பிழைப்புக் கொடுத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் இதன் கீழே மற்ற செடிகள் லேசில் தலைதூக்காது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நின்றால் ஏரி எதற்கு? இப்படிப்பட்ட அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது.

மேலே வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு பிடுங்காவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும்!

மூக்கனேரி காட்டிய வழி

ஏரிக்கு மரமே ஆகாதா? ஆகும். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பாருங்கள். 2010-ல் நகர மக்கள் சிலர் ஒன்றுகூடி ஏரியைத் தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரக்கன்று நட்டார்கள். கன்று மரமானது. பறவைகள் தேடி வந்தன.

நிழலுக்கு ஒரு கணக்கு

இந்த வட்டாரம் அரளிப் பூவுக்குப் பேர் போனது. மொட்டு மூட்டையோடு பஸ்சுக்கு நிற்பவரைக் கேளுங்கள், நிழலின் அருமை தெரியும். வெயிலில் பூ வாடினால் விலையும் வாடும்.

தகரக் கொட்டகையும் நிழல்தான், வேப்பமரமும் நிழல்தான். ஆனால் வேப்பமரத்தடி ஏன் ஜில்லென்று இருக்கிறது? வேர் இழுத்த தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது. அதில் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. மின்சாரம் இல்லாத ஏர்கூலர்!

சாலையோரத்துக்கு வேம்பு, புங்கன், புளி. ஏரிக்கரைக்குப் பனை. பனையின் வேர் கரை மண்ணைப் பிடிக்கும். ஓலையில் தூக்கணாங்குருவி கூடு தொங்கும். நுங்கும் பதனீரும் ஊருக்கு லாபம். தமிழ்நாட்டின் மாநில மரமும் பனைதான். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது.

அதனால், "மரம் வேணுமா, வேண்டாமா?" என்பதல்ல கேள்வி. எந்த மரம், எந்த இடத்தில் என்பதே கேள்வி.

ஏரிக்குள்ளே தண்ணீர், கரையிலே பனை. அப்போதுதான் பனமரத்துப்பட்டி, பேருக்கு ஏற்ற ஊர்!