கூழைக்கடாவின் குடலில் குடியிருப்பது யார்?

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கெளுத்தி மீன் வளர்ப்பு ஒரு பெருந்தொழில். கரை கட்டிய குளங்களில் ஆயிரக்கணக்கில் மீன்களை வளர்க்கிறார்கள். 1990களின் இறுதியில் சில குளங்களில் மீன்கள் இரை எடுக்க மறுத்தன. பின்பு மடியத் தொடங்கின. தோலுக்கடியில் சிறு சிறு கட்டிகள்! கட்டியைப் பிளந்தால், உள்ளே ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம்.

இது எந்தப் புழுவின் குஞ்சு? இளம்பருவத்தில் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்திருப்பதில்லை. அவற்றைப் பார்த்துத்தானே புழுவின் இனத்தைச் சொல்ல முடியும்? நுண்ணோக்கி அவ்வளவாக உதவவில்லை.

சந்தேகம் ஒரு விருந்தாளியின்மேல் விழுந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து இக்குளங்களில் மீன் பிடிக்கும் வெள்ளைக் கூழைக்கடாதான் அது. வேடந்தாங்கலில் நாம் காணும் கூழைக்கடாவுக்கு உறவுப் பறவை. அதன் குடலில் 'போல்போபோரஸ்' என்னும் தட்டைப்புழு வாழ்கிறது. புழுவின் முட்டைகள் எச்சத்தோடு நீரில் விழுகின்றன. பொரித்து வரும் நுண்புழு ஒருவகை நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது; பின் நத்தையை விட்டு நீந்தி வந்து மீனின் உடலைத் துளைக்கிறது. அந்த மீனைக் கூழைக்கடா விழுங்கினால் வட்டம் முடிந்தது! ஆனால் மீனில் உள்ளதும் பறவையில் உள்ளதும் ஒன்றே என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா?

சான்று மரபணுவில் கிடைத்தது. உயிரணுவில் புரதம் தயாரிக்கும் பட்டறை ரைபோசோம். அதற்கான மரபணு எல்லா விலங்குகளிலும் உண்டு. ஆனால் இனத்துக்கு இனம் அதன் எழுத்துகள் சிறிது மாறும். (டி.என்.ஏ.யின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்கே.) 1983-இல் கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறையில் அந்தத் துண்டைப் படி எடுக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிக்கும். 30 சுற்றில் எத்தனை ஆகும்? 2-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள்: ஒன்று, 107 கோடிக்கு மேல் ஆகிவிடும்! பிறகு, பிரெடரிக் சாங்கர் 1977-இல் வெளியிட்ட முறையில் எழுத்துகளை வரிசையாகப் படிக்கலாம்.

மீன், நத்தை, பறவை மூன்றிலிருந்தும் எடுத்த புழுக்களின் வரிசைகளை ஒப்பிட்டார்கள். மூன்றும் பொருந்தின. கூடவே ஒரு வியப்பு: கூழைக்கடாவின் குடலில் இருந்தது ஓர் இனமல்ல, இரண்டு! கெளுத்தியைத் தாக்குவது அவற்றில் ஒன்றுதான். ஐரோப்பாவில் அறியப்பட்ட பழைய இனம் என்று எண்ணியிருந்த அதற்கு, 2002-இல் 'போல்போபோரஸ் டாம்னிபிகஸ்' எனப் புதுப்பெயர் சூட்டினர். லத்தீனில் 'கேடு செய்வது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

இனி என்ன செய்வது? 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் காக்கும் பறவையை நினைத்தபடி சுட முடியாது. எனவே வளர்ப்போர் நத்தையைக் குறிவைத்தனர். குளத்தின் ஓரங்களில் நீற்றிய சுண்ணாம்பையோ மயில்துத்தத்தையோ இட்டு நத்தைகளை ஒழிக்கின்றனர்.

இன்று பறவையைப் பிடிக்காமலே, எச்சத்திலுள்ள டி.என்.ஏ.யைக் கொண்டு குடற்புழுக்களைத் தேடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மீன் தின்னும் பறவையின் எச்சத்தில், விழுங்கிய மீனின் புழுக்களுடைய டி.என்.ஏ.யும் கலந்திருக்கும். அவை பறவையின் குடலில் குடியிருப்பவை அல்ல, வழிப்போக்கர்கள்! ஆகவே எச்சத்தில் புழுவின் முட்டை இருக்கிறதா என்று பழைய நுண்ணோக்கியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.