எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது?

மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி லாரிகள் ஓய்வதே இல்லை. அந்த டிரைவர்கள் ஆயில் மாற்றும் கணக்கை கிலோமீட்டரில் சொல்வார்கள். பொன்னேரிப் பக்கம் என் வயலில் ஓடும் பவர் டில்லருக்கு அது செல்லாது. மணிக்கு 40 கி.மீ. போகும் வண்டி 100 மணி நேரத்தில் 4,000 கி.மீ. போயிருக்கும். டில்லரோ அந்த 100 மணியும் வயலுக்குள்ளேயே சுற்றும். எஞ்சினுக்குத் தேய்மானம் தேய்மானம்தான்.

ஆகவே டில்லர், டிராக்டர், டீசல் பம்ப் எதுவானாலும் மணிக்கணக்குதான். டிராக்டருக்குப் பெரும்பாலும் 250 மணி, சின்ன எஞ்சின்களுக்கு 50 முதல் 100 மணி என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் கையேடு சொல்வதே முடிவு. புது எஞ்சினுக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வரும். மீட்டர் இல்லையென்றால் கொட்டகையில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஓட்டிய நேரத்தை அன்றன்றே எழுதுங்கள். பேங்க்கில் இருந்தவன் சொல்கிறேன், எழுதாத கணக்கு நிற்காது! குறைவாக ஓடினாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சும்மா நின்றாலும் ஈரம் இறங்கி ஆயில் கெடும்.

"கறுத்துப்போச்சு, மாத்திடணும்" என்பார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சில மணி நேரத்தில் கறுக்கும். கரியை எஞ்சினில் படியவிடாமல் தன்னோடு சுமப்பது அதன் வேலை. பயப்பட வேண்டியது வேறு. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்திருக்கிறது. இரண்டிலும் ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மாற்றும்போது எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, சமதரையில் வைத்து வடியுங்கள். வெதுவெதுப்பான ஆயிலோடு கசடும் இறங்கும். ஃபில்டரையும் கவனியுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது? கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசுவதும் வரப்பில் ஊற்றுவதும் நம்மூர் வழக்கம். அதில் உலோகத் துகளும் நச்சுப் பொருட்களும் இருக்கின்றன. ரசாயன உரத்தை நிறுத்திவிட்டு இதை மண்ணில் விடலாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்கள் பட்ட பாடு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. மூடி போட்ட கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.