சிராங்கூன் சாலையின் விளக்குகளும் தெருப் பெயர்களும்



தீபாவளிக்கு ஒரு மாதத்திற்கு முன்பே சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் விளக்கு வளைவுகள் எழுந்துவிடுகின்றன. மயில், தாமரை, யானை என்று ஆண்டுக்கு ஆண்டு அலங்காரம் மாறும். ஜொகூரிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாகக் கடற்பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்து வருகிறார்கள். அண்ணாந்து விளக்கைப் பார்க்கும் நாம், அதே வெளிச்சத்தில் தெரியும் தெருப் பெயர்ப் பலகைகளைக் கவனிப்பதில்லை. அவற்றைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமா?

சந்தையை ஒட்டி இருப்பது பஃபலோ சாலை. அதற்கு அடுத்தது கெர்பாவ் சாலை. ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். இரண்டிற்கும் பொருள் எருமைதான். சற்றுத் தள்ளி பெலிலியோஸ் சாலை. அது கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வணிகரின் பெயர். ஏன் இத்தனை மாட்டுப் பெயர்கள்? 19ஆம் நூற்றாண்டில், ரோச்சோர் ஆற்றை ஒட்டிய இந்தத் தாழ்ந்த நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. ஆகவே மாட்டு வாணிபம் இங்கே தழைத்தது. மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். மலாய்க்காரர்கள் இவ்விடத்தை 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்றார்கள். இன்று பிள்ளை பெறப் போகிறவர்கள் சொல்லும் 'கேகே' மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளும் அந்தத் தொழுவத்திலிருந்து வந்தவைதாம்!

சீனர்கள் வைத்த பெயர் வேறு. சிறு மூங்கில்களின் அடி என்ற பொருளுள்ள ஹொக்கியன் சொற்கள் 'தேக்கா' ஆயின. 1982இல் சந்தை புதிய கட்டடத்துக்கு மாறியபோது, மாண்டரின் ஒலிப்பில் 'சுஜியாவ்' என்று பெயர் சூட்டினார்கள். பலகையில் அப்படி இருந்ததே தவிர, கீரை வாங்க வந்தவர்கள் தேக்கா என்றேதான் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் பலகையும் தேக்காவுக்குத் திரும்பியது.

தமிழன் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. இப்பகுதியில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அங்கே பாடுபட்டவர்கள் தங்கள் குடியிருப்பைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கே முன்பு சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று பெயர். எருமைக்குப் பலகை இருக்கிறது, குதிரைப் பந்தயத்துக்கும் இருக்கிறது. பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டாலும் ரேஸ் கோர்ஸ் சாலை அப்படியே நிற்கிறது. சுண்ணாம்புக் கம்பத்துக்கு மட்டும் பலகை இல்லை.

விளக்கு அலங்காரமோ நேற்று வந்தது. 1980களில், சுற்றுலாப் பயணிகளைக் கவரும் முயற்சிகளோடு சேர்ந்து தொடங்கியது. 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் பரவியதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். 1989இல் இப்பகுதி பாதுகாக்கப்படும் இடமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகள் பிழைத்தன. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் மாடிகளில் குடியிருந்த பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்து போனார்கள். குடும்பங்கள் குறைந்த வேளையில் விளக்கு வந்தது. இதற்காக விளக்கைக் குறை சொல்வது சரியல்ல. அது இல்லாவிட்டால், போனவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பி வருவார்களா என்பதே ஐயம். அவர்களோடு வரும் பேரப்பிள்ளைக்குச் சுண்ணாம்புக் கம்பம் எது என்று காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதே ஐப்பசி மாதத்தில்தான் தீமிதியும் வருகிறது. 1855இல் தோன்றிய பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு, சுமார் 4 கிலோமீட்டர், பக்தர்கள் மஞ்சள் உடையில் இந்தச் சாலை வழியாக நடந்து போகிறார்கள்.

இந்த ஆண்டு போகிறவர்கள் தேக்கா சந்தையில் தொடங்குங்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, பெலிலியோஸ் சாலை என்று பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், காளியம்மன் கோயில் வாசலுக்கு வந்து சேர்வீர்கள். பலகை இல்லாத சுண்ணாம்புக் கம்பம் அதுதான்.