கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

பெருந்தமனி வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றதும் வீட்டார் முதலில் செலவைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "டாக்டர், ரத்த ஓட்டம் நிற்கும் நேரத்தில் மூளையை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?"

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைகிற இடத்தில்தான் மூளைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் பிரிகின்றன. வீக்கம் அங்கே என்றால், பழுதான பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாயைத் தைத்து முடிக்கும்வரை வழக்கமான ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். சாதாரண உடல் சூட்டில் ரத்தமில்லாமல் மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். தையலுக்கு அது போதாது.

அதனால் இதய நுரையீரல் இயந்திரத்தில் வைத்தே ரத்தத்தைக் குளிர்விக்கிறார்கள். அமெரிக்க அறுவை நிபுணர் ராண்டல் கிரிப் 1975-இல் வெளியிட்ட அனுபவத்துக்குப் பிறகு பரவிய முறை இது. உடல் சூடு 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் மூளைக்குத் தேவையான ஆக்சிஜன் வெகுவாகக் குறையும். ஏறக்குறைய அரை மணி நேர அவகாசம் கிடைக்கும். இப்போது பல மருத்துவமனைகளில் இவ்வளவு குளிர்விப்பதில்லை. வலது அக்குள் தமனி வழியே மூளைக்கு மட்டும் குளிர்ந்த ரத்தத்தை விடாமல் செலுத்துகிறார்கள். நெற்றியின் இருபுறமும் ஒட்டிய சென்சார் மூளையின் ஆக்சிஜன் அளவைத் திரையில் காட்டுகிறது. ஒரு பக்கம் எண் சரிந்தால் உடனே தெரியும். இதயத்தையோ பொட்டாசியம் கலந்த கரைசலால் துடிப்பை நிறுத்திக் காக்கிறார்கள்.

இத்தனை செய்தும் பக்கவாதம் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதை முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதலே அல்ல என்பேன். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், வேறொரு நிபுணரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

சிக்கல் ஏற்பட்டது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. கவனக்குறைவு என்று ஆவணங்கள் காட்டினால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம்.

நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீர் வலி வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள். தமனிச் சுவர் கிழிந்திருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.