சிரிச்சா தப்பா?

''வீட்ல இருக்கற நிலைமைக்கு சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்!''

மாமியாரின் அந்த ஒரு வார்த்தையில் மருமகளின் சிரிப்பு சட்டென்று அடங்கிப் போனது.

எங்கள் ஃப்ளாட்டில், கீழ் வீட்டில் நடந்தது இது. பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் ஆபரேஷனுக்கு 12 நாள் கழித்துத் தேதி. அன்றிலிருந்து அந்த வீட்டில் டி.வி. கிடையாது, வாய்க்கு ருசியாகச் சமையல் கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை... தானாக அமலுக்கு வந்துவிட்டது!

மூன்றாம் நாள், பல் விழுந்த பொக்கை வாயோடு பேத்தி, ''காபி ஆறிப் போச்சு!'' என்று தாத்தா மாதிரியே அதட்டிக் காட்ட, மருமகள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அதற்குத்தான் அந்தத் திட்டு.

அறைக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டது: ''அவளை ஏன் திட்டற? மூணு நாளா எல்லாரும் என்னை இப்பவே வழியனுப்பிட்ட மாதிரி மூஞ்சிய வெச்சிட்டிருக்கீங்க. எனக்கு ஆபரேஷனை விட அதுதான் பயமா இருக்கு!''

மாமியார் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

சிரிக்க ஏன் பயம்?

கவலையில் இருக்கும்போது சிரித்தால், 'இவளுக்குப் பாசமே இல்லை' என்று நாலு பேர் நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். 'ரொம்ப சிரிச்சா அப்புறம் அழணும்' என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த பயம் இன்னொரு பக்கம்.

உடம்போ வேறு கணக்குப் போடுகிறது. பயம் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓட இது தேவைதான். ஆனால், நாள்கணக்கில் இதே நிலை நீடித்தால் தூக்கம் கெடும், பசி போகும், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வரும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே படுக்கையில் விழுந்தால் யாருக்கு லாபம்?

அவர்களே கேட்டார்கள்!

அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் 1990களில் சூசன் ஃபோக்மன் என்ற உளவியல் நிபுணர் ஓர் ஆய்வு நடத்தினார். எய்ட்ஸ் நோய்க்குச் சரியான சிகிச்சை இல்லாத காலம் அது. சாவை எதிர்நோக்கியிருந்த தங்கள் துணையைப் பராமரித்தவர்களிடம், அவர்களுடைய கஷ்டங்களைப் பற்றியே ஆய்வுக் குழுவினர் கேட்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களே, ''நல்லது நடந்ததைப் பற்றி ஏன் கேட்க மாட்டேன்கிறீர்கள்?'' என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியையும் சேர்த்தபோது, ஏறக்குறைய எல்லோருமே சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தார்கள். சேர்ந்து சாப்பிட்ட சாப்பாடு, நண்பர் சொன்ன ஒரு வார்த்தை... எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள்தான்!

துக்கமும் சந்தோஷமும் ஒரே நாளில், ஒரே மனசில் இருக்க முடியும். ஒன்று போனால்தான் மற்றது வரும் என்பதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கவலைப்பட நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி. மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடுங்கள். 1983-லேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட முறை இது. படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

* சந்தோஷம் தானாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனசு சரியில்லாவிட்டாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், கோலம் போடுங்கள். கை வேலையில் இறங்கினால் மனசு மெதுவாகப் பின்னால் வரும்.

* மூச்சை இழுப்பதை விட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. இப்படி ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

* ராத்திரி படுக்கும் முன், இன்று நடந்த நல்லது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். 'பால் பொங்கி வழியலை' என்பதுகூடக் கணக்கில் சேரும்!

இதையும் மீறி இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீழ் வீட்டில் அன்று ராத்திரி தாயக்கட்டை உருண்டது. தாத்தாவின் காயைப் பேத்தி வெட்டினாள். மறுநாள் பெரியவருக்குப் பிடித்த கீரை மசியல், டாக்டர் சொன்னபடி உப்பைக் குறைத்து. பயம் போய்விட்டதா? இல்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பெரியவர் இப்போது காலையில் வாக்கிங் போகிறார். ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருந்தாலும், தாத்தாவோடு தாயம் ஆடிய அந்த ஒன்பது நாள் பேத்திக்கு மிச்சமாக இருந்திருக்கும்.

''அன்னிக்கு உன்னைத் திட்டிட்டேன்... மனசுல வெச்சுக்காதம்மா'' என்றாராம் மாமியார்.

''அது கிடக்கட்டும் அத்தை. காபி ஆறிப் போகுது, குடிங்க!'' என்றாளாம் மருமகள்.

இந்த முறை முதலில் சிரித்தது மாமியார்தான்!