காலி டொமைனில் விளம்பரம்: வாங்க வந்தவர் திரும்பிப் போவாரா?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் பெயரை முடிவு செய்ததும், அதை உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டி, பின்னால் '.காம்' சேர்த்துப் பார்ப்பார். பல நேரம் திரையில் வருவது கடையும் அல்ல, நிறுவனமும் அல்ல. மேலே அந்தப் பெயர். அதன் கீழே 'கார் காப்பீடு', 'வீட்டுக் கடன்', 'மலிவு விலை விமான டிக்கெட்' என்று நாலைந்து பட்டைகள். ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் 'இந்த டொமைன் விற்பனைக்கு இருக்கலாம்' என்று ஒரு வரி. இருக்கிறதா இல்லையா என்று வந்தவருக்கே தெரியாது.

இதுதான் டொமைன் பார்க்கிங். சும்மா கிடக்கும் பெயரில் விளம்பரம் போட்டு, அது விலைபோகும் வரை சில்லறை தேற்றும் வழி. அந்தச் சில்லறைக்கு ஆசைப்பட்டுப் பெரிய வியாபாரத்தைக் கோட்டை விடுகிறோமா என்பது டொமைன் வைத்திருப்பவர்களிடையே தீராத சந்தேகம்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுகொள்கின்றன. நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். எந்த டொமைனுக்கும் அதன் விவரத்தை எங்கே கேட்க வேண்டும் என்று கைகாட்டும் நேம்சர்வர் பதிவு உண்டு. உரிமையாளர் அதில் 'என்எஸ்1.செடோபார்க்கிங்.காம்' போன்ற ஒரு முகவரியை எழுதிவிட்டால் போதும். அந்தப் பெயரைத் தேடி வருகிற எல்லோரும் பார்க்கிங் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுவார்கள். பெயரில் உள்ள சொற்களுக்கு ஏற்ற தலைப்புகளை அந்தச் சர்வர் அடுக்கும். ஒரு தலைப்பைத் தொட்டால் விளம்பரங்கள் விரியும். அவற்றில் ஒன்றையும் தொட்டால்தான் காசு. அதையும் விளம்பர நிறுவனம், பார்க்கிங் நிறுவனம், உரிமையாளர் ஆகிய மூவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

தேடுபொறிக்குப் போகாமல் முகவரியை நேரே தட்டும் பழக்கம் இருந்த காலத்தில் இது கொழுத்த தொழில். '.காம்' என்று ஆங்கிலத்தில் தட்டும்போது நடு எழுத்து விட்டுப்போனால் '.சிஎம்' ஆகும். அது கேமரூன் நாட்டின் குறியீடு. 2006-ல், யாரும் பதிவு செய்திராத '.சிஎம்' பெயர்கள் எல்லாமே விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கை தவறித் தட்டியதே யாருக்கோ வருமானம் ஆனது. 2008-ல் வந்த குரோம் உலாவி முகவரிப் பட்டையையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியதும் நேரே வருவோர் குறையத் தொடங்கினார்கள். 2011-ல் பார்க்கிங் பக்கங்களை அடையாளம் கண்டு தேடல் முடிவுகளில் காட்டாமல் ஒதுக்கும் முறையை கூகுள் கொண்டுவந்தது. இன்றைக்கு '.காம்' பெயர் ஒன்றின் மொத்த விலையே ஆண்டுக்குப் பத்து டாலருக்கு மேல். யாரும் தேடி வராத பெயர், விளம்பரத்தில் அதைக்கூட மீட்டுத் தராது.

வருமானம் இப்படி என்றால், இழப்பு என்ன? வாங்க விரும்புபவரும் விளம்பரத்தைத் தொடக்கூடியவரும் வருவது ஒரே வாசல் வழியாகத்தான். ஆனால் இருவரிடமும் அந்தப் பக்கம் எதிர்பார்ப்பது வேறு வேறு. வந்தவர் ஏதாவதொன்றைத் தொட்டு வெளியேறினால்தான் விளம்பரத்துக்குக் காசு. அவர் நின்று விலை கேட்டால்தான் விற்பனை. காலி மனையில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டு, அதிலுள்ள போன் நம்பர் மேலேயே சினிமா போஸ்டர் ஒட்டுவது போன்ற காரியம் இது.

அடுத்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. பல நிறுவனங்கள் தங்கள் அலுவலக இணைப்பில் வடிகட்டி வைத்திருக்கின்றன. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்களின் வடிகட்டிகளில் பார்க்கிங் பக்கங்களுக்கென்றே தனி வகை உண்டு. நிர்வாகி நினைத்தால் அந்த வகையை மொத்தமாக முடக்கிவிடலாம். அப்போது நல்ல விலை கொடுக்கக்கூடிய நிறுவனத்தின் ஊழியர் உங்கள் பெயரைத் தட்டினால் 'அனுமதி இல்லை' என்ற எச்சரிக்கைதான் வரும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து 15 பார்க்கிங் சேவைகளை ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டன. அப்பக்கங்களுக்கு வந்தவர்கள் தீநிரல்களுக்கும், போலி வைரஸ் எச்சரிக்கைகளுக்கும், 'தொழில்நுட்ப உதவி' என்ற பெயரில் பணம் பறிக்கும் மோசடிகளுக்கும் ஆளாவது தெரியவந்தது. வருகிறவருக்கு எந்த விளம்பரம் போகிறது என்பது பல நேரம் டொமைன் உரிமையாளருக்கே தெரியாது.

மூன்றாவது வம்பு நீதிமன்றம். ஊஸி நிஸான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினிக் கடை வைத்திருந்தார். தன் குடும்பப் பெயரிலேயே 1994-ல் 'நிஸான்.காம்' பதிவு செய்தார். 1999-ல் அந்தத் தளத்தில் கார் தொடர்பான விளம்பரங்கள் இடம்பெற்றன. அந்த ஆண்டே நிஸான் மோட்டார் வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கில் பெயர் அவரிடமே நின்றது. ஆனால் அந்தக் கார் விளம்பரங்கள் வணிகமுத்திரை மீறல் என்று தீர்ப்பானது. பெயர் சொந்தப் பெயராக இருந்தும், மேலே போட்ட விளம்பரம் வினையானது. வழக்கு வரக்கூடிய பெயரை யார் ஆசையாக வாங்குவார்?

அப்படியென்றால் எதுவுமே போடாமல் வெறுமனே விட்டுவிடலாமா? அது இன்னும் மோசம். ஒரு காலத்தில் 'ஹூ இஸ்' பதிவேட்டில் தேடினாலே உரிமையாளரின் பெயர், மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் கிடைத்தன. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தபின் அவற்றில் பெரும்பகுதி மறைக்கப்பட்டுவிட்டது. 'தளம் கிடைக்கவில்லை' என்று உலாவி கைவிரித்தால், விரும்பி வந்தவருக்கும் உங்களைப் பிடிக்க எளிய வழி கிடையாது. அவர் வேறு பெயரைத் தேடிப் போய்விடுவார்.

அந்தப் பெயர்தான் வேண்டும் என்று நிற்பவரை எந்தப் பக்கமும் விரட்டாது என்பதும் உண்மை. 'டெஸ்லாமோட்டார்ஸ்.காம்' என்ற முகவரியில் இயங்கிவந்த கார் நிறுவனம் 2016-ல்தான் 'டெஸ்லா.காம்' பெயருக்கு மாறியது. அதை வாங்கப் பத்தாண்டுக்கு மேலானது, 1.1 கோடி டாலர் செலவானது என்று பின்னாளில் ஈலான் மஸ்க்கே சொன்னார். ஆனால் அப்படிப்பட்ட விடாப்பிடிக்காரர்கள் அபூர்வம். ஐந்தாறு பெயர்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எது எளிதில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் சிறு தொழில்காரர்தான் சந்தையில் அதிகம். குழப்பமான பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் அவர்தான்.

ஆகவே வாங்க வந்தவரை விரட்டுவது பார்க்கிங் அல்ல. விலை கேட்கும் வழியை விளம்பரத்துக்கு அடியில் புதைப்பதுதான். தினமும் ஆயிரக்கணக்கானோர் நேரே தட்டி வரும் பெயர் என்றால் விளம்பரம் வைப்பதில் கணக்கு இருக்கிறது. மற்றவர்கள் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று பளிச்சென்று ஒரு வரி, எதிர்பார்க்கும் விலை, தொடர்புகொள்ள ஒரு படிவம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தால் போதும். உங்களிடம் சும்மா கிடக்கும் பெயர் ஏதாவது இருந்தால், இன்றே அதை உலாவியில் தட்டி, வாங்க வருபவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.